அரிசி டிரம்மின் மேல் ஒரு பிரதமர்

போடியில் என் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்காமல் திரும்பியதில்லை. போன மாதம் எஸ்டேட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்கள் கூட்டத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தீர்கள். தண்ணீர் குடிக்க உள்ளே போன ஒருவர், அரிசி டிரம்முக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "சார், இது உங்க தாத்தாவா?" என்று கேட்டார்.

தலையில் தொப்பி, கழுத்தில் புள்ளி போட்ட டை, வாயில் சுருட்டு, பால் கிடைக்காத கைக்குழந்தையின் முகம். என் தாத்தா சிலமலைச் சோளக்காட்டில் கோவணத்தோடு நின்றவர். சுருட்டு ஒன்றுதான் இருவருக்கும் பொருத்தம். "அவரு ரெண்டாம் உலகப்போர் நடந்தப்ப பிரிட்டனுக்குப் பிரதமரா இருந்தவருப்பா" என்றேன். "அவரை ஏன் சார் அரிசிக்கு மேல மாட்டியிருக்கீங்க?" என்றார் இன்னொருவர். அதற்குள் உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களிடம் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் என்னிடம் கேட்க வந்தது வேறு. ஏலச்செடிக்கு எப்போது மருந்தடிப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை காய் எடுப்பது என்றெல்லாம் குறிப்பேடும் பேனாவுமாக வந்திருந்தீர்கள். அதையெல்லாம் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள், கேட்கத் தெரிந்தால். அவர்கள் சொல்ல மாட்டாததை நான் சொல்கிறேன். நாற்பது வருடம் மலையில் மேனேஜ்மென்ட் பண்ணினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன் அல்லவா, அதில் ஒரு நாள் நான் பண்ணியது மேனேஜ்மென்டே இல்லை. அந்த ஒரு நாளுக்கும் படத்தில் இருக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தம் உண்டு.

படத்தை எனக்குக் கொடுத்தவர் என் முதல் மேனேஜர். நாங்கள் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவர் இந்தப் பிரதமரின் பரம பக்தர். ஊரில் மற்றவர்கள் முருகன் படத்துக்கு முன்னால் விபூதி பூசுகிற நேரத்தில் இவர் ஆபீஸ் சுவரில் தொங்கும் பிரதமருக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டு உட்காருவார். மலையில் வேலை செய்கிறவருக்குத் தேவையே இல்லாத ஒரு கைத்தடி வைத்திருந்தார். போடிமெட்டு ஏறி வரும் ஒவ்வொரு ஜீப்புக்கும் பிரதமர் பாணியில் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார். புதிய டிரைவர்கள், இரண்டு பேருக்கு இடம் கேட்கிறாராக்கும் என்று பிரேக் போட்டுவிட்டு, "ஏறுங்கண்ணே, நெருக்கி உக்காந்துக்கலாம்" என்பார்கள். பெரியவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

கேலி ஒருபுறம் இருக்கட்டும். அவரிடம் நான் கற்றது ஒன்று உண்டு. சேர்ந்த முதல் வருடம், ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு என்னைப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். ஏலக்காய்க்கு உயிரே அதன் பச்சை நிறம்தான். நான் மதியம் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்து சூட்டை ஏற விட்டுவிட்டேன். ஒரு அறைக் காய் முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இந்தியா ஜெயித்தது என்பது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. கெட்ட காயை நல்ல காயோடு கலந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது பெரியவர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. போனைக் கையில் கொடுத்தார்.

"முதலாளிக்கு நீயே சொல்லு. இப்பவே சொல்லு" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"கப்பல் முங்குனா முங்கிருச்சுன்னு சபையில எந்திரிச்சுச் சொன்ன மனுசன்யா அவரு. செயிப்போம்னு சொன்னா சனம் ஏன் நம்புச்சு? தோத்தப்ப தோத்தோம்னு சொன்னவரு, அதனால நம்புச்சு. வெரசா சொல்லு."

சொன்னேன். முதலாளி ஐந்து நிமிடம் திட்டினார். என் குலம் கோத்திரம் எல்லாம் அதில் வந்துபோனது. வேலை மட்டும் போகவில்லை. கெட்ட செய்தியைச் சூடாகவே சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் நாமே சொல்ல வேண்டும் என்று அன்று மனதில் எழுதிக்கொண்டேன். எழுதியதைப் பின்னால் நானே அழித்தேன் என்பதுதான் இந்தக் கதை.

பெரியவர் ஓய்வு பெற்றபோது படத்தையும், பிரதமரைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போடிக்கு இறங்கினார். புத்தகம் முழுக்க அவருடைய பென்சில் கோடுகள். முதல் உலகப்போரில் ஒரு பெரிய படையெடுப்பில் தோற்று, பதவி இழந்து, அவமானப்பட்டு, தானே போர்முனைக்குப் போய் நின்றார் என்ற இடத்தில் இரட்டைக் கோடு. சுற்றியிருந்தவர்கள் சமாதானம் பேசலாமா என்று தயங்கிய நேரத்தில் முடியாது என்று நின்ற இடத்தில் மூன்று கோடு. ஜெயித்த வருடமே தேர்தலில் ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்ற இடத்தில், கோட்டோடு சேர்த்து, 'நன்றி கெட்டவர்கள்' என்று தமிழில்.

நான் மேனேஜர் ஆனேன். கைத்தடி மட்டும்தான் வைத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பதில் ஒரு நீளக் குடை. மற்றபடி என் எஸ்டேட்டில் தினமும் போர்தான். காலையில் ஆட்கள் பேர் கொடுக்கிற இடத்தில் ஒரு கல் இருந்தது. அதன் மேல் ஏறி நின்று பேசுவேன். மழையோடு போர், பூச்சியோடு போர், விலையோடு போர். ஒரு நாள், "இந்த மழையை நம்மை ஜெயிக்க விடமாட்டோம்" என்று குரலை உயர்த்தி முடித்தேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மழை செயிக்கல சார். கால்ல ஏறுற அட்டைதான் செயிக்குது. ஆளுக்கொரு பொட்டணம் பொகையிலை குடுத்தீகன்னா கால்ல தேச்சுக்கிட்டு, பேச்சைக் காலைத் தூக்காம நின்னு கேப்போம்."

அதுதான் பேச்சியம்மா. சிலமலையிலிருந்து ஜீப்பில் வந்து போகும் பெண்களுக்குத் தலைவி. அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. சுருக்குப்பையில் வெற்றிலையோடு மாத்திரை அட்டையும் இருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முந்தி மாத்திரை போட வேண்டும், போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று போடியில் டாக்டர் சொல்லியிருந்ததை அவர் தப்பாமல் கடைப்பிடித்தார். என் பேச்சு நீண்டால், "சார், மாத்திரை போட்டாச்சு" என்பார். கூட்டம் கலைந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு வகை ஆட்கள். எஸ்டேட் கட்டிக் கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் குடும்பத்தோடு குடியிருப்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் எஸ்டேட் அரிசி அளக்கும். தினமும் கீழேயிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் தூக்குச்சட்டியில் தங்கள் கஞ்சியைக் கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். அரிசிப் பேரேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை.

ஒரு ஆடி மாதம், காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது மழை பிடித்தது. மதியம் மூன்று மணிக்கு போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டது. மறுபக்கம் மூணாறு போகும் வழியில் மரங்கள் விழுந்தன. கரண்டு இல்லை, போன் டவரும் செத்துவிட்டது. மூன்று ஜீப்பு ஆட்கள், முப்பத்தைந்து பேருக்கு மேல், எஸ்டேட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். தூக்குச்சட்டி எல்லாம் மதியமே காலி. கீழே வீட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்களோ என்று சிலர் அழுதார்கள். காய் தரம் பிரிக்கும் ஹாலில் அவர்களைத் தங்க வைத்தோம். உலர்த்தும் அறைக்குப் பக்கம் என்பதால் கதகதப்பாக இருக்கும்.

"பாயாசத்துக்குள்ள படுத்த மாதிரி மணக்குது சார். சோத்தத்தான் காணோம்" என்றார் பேச்சியம்மா. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

எனக்கோ, இத்தனை வருடம் காத்திருந்த போர் வந்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றேன். என் வாழ்நாளின் சிறந்த பேச்சு அது என்று இன்றும் நினைக்கிறேன். இந்த மலையில் ஒருவரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்றேன். இன்றைக்கு ரொட்டியும் பால் இல்லாத கட்டன்சாயாவும், நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் சுடுசோறு என்றேன். கை தட்டினார்கள். தட்டிய கையெல்லாம் வெறும் வயிற்றுக்காரர்களின் கை. எனக்கு அது உறைக்கவில்லை, உடம்பு புல்லரித்தது.

வெளியே வந்ததும் ஸ்டோர் கீப்பர் ஜோயி என்னைத் தனியாக நிறுத்தினார். அவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், பாதி மலையாளம் பேசுவார். "சாரே, அரிசி ஆகெ ஆறு சாக்கு உண்டு. வழி எப்போ தொறக்கும்னு ஆர்க்கும் தெரியாது. லயத்து ஆளுகளுக்கு அளந்தா மிச்சம் கொறச்சல்தான்."

அங்கேதான் என் மூளை பெரிய மூளையாக வேலை செய்தது. ஒரு வாரம் ரோடு திறக்காவிட்டால்? பத்து நாள் ஆனால்? தலைவன் என்றால் தொலைநோக்கு வேண்டாமா? லயத்துக்காரர்கள் நம் பேரேட்டு ஆட்கள், அவர்களுக்கு முழு அளவு. ஜீப்பு ஆட்களுக்குச் சாயங்காலம் ஒரு வேளை கஞ்சி. மீதி அரிசி கையிருப்பு, பூட்டு போட்டு வை என்றேன். ஜோயி தலையைச் சொறிந்தார். "மதியம் சோறுன்னு பறஞ்சதோ சாரே?" என்றார். "அதை நானே அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஹால் வாசல் வரை போனேன். பேச்சியம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "பன்னெண்டு மணிதானே சார்?" என்றார். நேற்றுக் கை தட்டியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்த முகங்களுக்கு முன்னால் என் சிறந்த பேச்சை நானே வாபஸ் வாங்க எனக்கு வாய் வரவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்ப்போம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு, சரிவு நடந்த இடத்தைப் பார்வையிடப் போகிறேன் என்று குடையோடு கிளம்பிவிட்டேன். படத்தில் இருப்பவரும் குண்டு விழுந்த தெருக்களில் நடந்து போய்ப் பார்த்தவர்தானே. உண்மையில் எனக்கு ஒரு நப்பாசை. ரோடு திறந்திருந்தால் கெட்ட செய்தியைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம்.

ரோடு திறக்கவில்லை. நான் அங்கே நின்று, மண்ணை ஒன்றும் செய்ய முடியாதவன் செய்கிற அத்தனை யோசனையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் தாண்டி ஒரு ஜீப் டிரைவர் நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

"சார், பேச்சியக்கா விழுந்துருச்சு. வேர்த்துக் கொட்டுது, என்னமோ ஒளறுது. வெரசா வாங்க."

அந்த இரண்டு கிலோமீட்டரை நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. குடை எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. ஹாலில் பேச்சியம்மா சாக்கின் மேல் கிடந்தார். ஜோயி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாதிக்குப் பாதி சர்க்கரை போட்ட கட்டன்சாயாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து இரண்டு ரொட்டி மட்டும் சாப்பிட்ட பெண், பதினொன்றரை மணிக்கு மாத்திரையை விழுங்கியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குச் சோறு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறாரே. சோறு வராததால் உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னதையும் நான் சொன்னதையும் அவர் ஒரே மாதிரி நம்பியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"சார், மணி பன்னெண்டு ஆயிருச்சா?" என்றார்.

அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெளிவில்லாமல் உண்மையாகவே கேட்டார். என் ஆயுசில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை. அவர் செத்திருந்தால் என் ஒரு தலையாட்டலில் செத்திருப்பார். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அதற்குள் ஜோயி மூலம் விஷயம் தெரிந்து லயத்துப் பெண்கள் மழையில் வந்துகொண்டிருந்தார்கள். தலைக்குத் தலை சோற்றுப் பானை. யாருக்காக நான் அரிசியைப் பூட்டி வைத்தேனோ அவர்கள். முன்னால் வந்த பெண் பானையை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டார்: "எங்க பேரச் சொல்லியா சார் இவுகளப் பட்டினி போட்டீக? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

ஜோயியிடம் சாவியை வாங்கி ஸ்டோரைத் திறந்தேன். இந்த முறை எதன் மேலும் ஏறி நிற்கவில்லை. அரிசி ஆறு சாக்குதான் இருக்கிறது, நேற்றே தெரியும், தெரிந்ததும் சொன்னதை மாற்றினேன், மாற்றியதைச் சொல்லாமல் ஓடினேன் என்று வரிசையாகச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். லயத்து வீடு ஒவ்வொன்றிலும் ஜீப்பு ஆள் இரண்டு பேர் சாப்பிடுவது, இரண்டு வேளை, அளவாக. ஆண்கள் மண்வெட்டியோடு சரிவுக்குப் போவது. அடுத்த நாள் சாயங்காலம் ஒற்றை ஜீப் போகிற அளவுக்கு வழி திறந்தது. எல்லோரும் இறங்கிப் போனபின் ஸ்டோரைப் பார்த்தேன். மூன்று சாக்கு மிச்சம். என் தொலைநோக்கால் காப்பாற்றப்பட்ட அரிசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் உட்கார்ந்து பெரியவர் கொடுத்த புத்தகத்தை எடுத்தேன். அதில் ஒரு பகுதியை நான் இத்தனை வருடம் புரட்டித் தாண்டியிருந்தேன். போர் நடந்தபோது வங்காளத்தில் வந்த பஞ்சம். பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது. புயல் விளைச்சலை அழித்தது. எதிரிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று கரையோர நெல்லையும் படகுகளையும் அரசாங்கமே அப்புறப்படுத்தியது. வியாபாரிகள் பதுக்கினார்கள், மாகாணத்தை ஆண்டவர்கள் தடுமாறினார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். தானியம் அனுப்புங்கள் என்று இங்கிருந்த அவருடைய அதிகாரிகளே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கப்பல் இல்லை, கையிருப்பு வேண்டும், போர் முக்கியம் என்று லண்டனில் இழுத்தடித்தார்கள். கேட்டதில் ஒரு பங்குதான் போனது, அதுவும் தாமதமாக. நம் ஜனங்களைப் பற்றி அவர் கேவலமாகப் பேசியதை அவருடைய அமைச்சரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அரையாடை உடுத்திய நம் தலைவரையே ஏளனம் செய்தவர் அல்லவா, என் தாத்தாவின் கோவணத்துக்கு எந்த மரியாதை கிடைத்திருக்கும்?

பழி முழுவதும் அவருடையதா, எவ்வளவு அவருடையது என்று படித்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பின்னால் அவரே அமெரிக்காவிடம் கப்பல் கேட்டார், கிடைக்கவில்லை என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. நான் நீதிபதி இல்லை. எனக்கு உறைத்தது வேறு. அவருடைய பேரேட்டில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இல்லை என்பது. பேரேட்டில் இருந்தவர்களிடம் அவர் உண்மையைச் சொன்னார், அவர்களோடு நின்றார். இல்லாதவர்களின் பசி அவருக்கு இடைஞ்சலாகப் பட்டது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு லண்டனைப் பற்றித் தெரிய வேண்டியிருக்கவில்லை. முந்தின வாரம்தான் நானே செய்திருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அத்தனை கோடு போட்ட பெரியவர் அந்தப் பஞ்சத்துப் பக்கங்களில் ஒரு கோடுகூடப் போடவில்லை. போடிக்கு இறங்கியபோது அவரிடம் நேரில் கேட்டேன். முதலில் கோபித்தார். "அவரு இல்லேன்னா அன்னைக்கு செருமன்காரன யாருய்யா நிப்பாட்டிருப்பா?" என்றார். அது உண்மைதான் சார், அதை நான் மறுக்கவில்லை என்றேன். பிறகு, "அந்தப் பக்கத்தை நானும் படிச்சேன்யா. படிச்சேன், கோடு போடல. அவ்வளவுதான்" என்றார். பக்தி என்பது எந்தப் பக்கத்தில் கோடு போடாமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறதோ என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

படத்தைக் கழற்றிவிட முடிவு செய்தேன். ஆணியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, பொகையிலைப் பொட்டணம் கேட்டு பேச்சியம்மா வந்தார். உடம்பு தேறி அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஏன் சார் கழட்டுறீக என்று கேட்டார். பஞ்சத்துக் கதையையும், அதற்குப் பெரியவர் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"பர்மா அரிசி நின்ன வருசமா? எங்காத்தா சொல்லிருக்கு. கெழங்கத் தின்னுதான் கெடந்தோம்னு" என்றார். படத்தை வாங்கிப் பார்த்தார். "வேணும்னு செஞ்சாராக்கும்?"

"வேணும்னு செஞ்சார்ங்கிறாங்க சிலபேர். கவனிக்காம விட்டார்ங்கிறாங்க சிலபேர்."

"வயித்துக்கு ரெண்டும் ஒண்ணுதானே சார்." படத்தின் தூசியை முந்தானையால் துடைத்தார். "அந்தச் செருமன்காரன நிப்பாட்டுனது நெசமா?"

"நெசம்தான்."

"அப்பத் தூக்கிப் போடாதீக. எடத்த மாத்துங்க. கொண்டாங்க இங்கிட்டு."

படத்தைத் தூக்கிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். ஸ்டோரில் அரிசி அளக்கும் டிரம்முக்கு நேர் மேலே ஒரு ஆணியைக் காட்டினார். "இங்கன இருக்கட்டும். அளக்கயில நீங்களும் அவரப் பாருங்க, அவரும் உங்களப் பாக்கட்டும்" என்றார். நான் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தது. ஜீப்பு ஆட்களின் பெயர்களையும் அந்த மாதமே பேரேட்டில் ஏற்றினேன். மழைக்காலத்தில் அவர்களுக்கென்று தனியாக அரிசி இருந்தது. வீட்டுக்கு வந்தபோது படத்துக்கு வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை.

ஜெயித்த வருடமே அவரை ஜனங்கள் ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதும் மெல்லப் புரிந்தது. பெரியவர் எழுதியது போல அது நன்றிகெட்டத்தனம் இல்லை. சண்டைக்கு ஒருவரைப் பிடித்திருந்தது, அதற்குப் பிறகு வீடு, வைத்தியம், வேலை என்று கேட்க வேறு ஆள் வேண்டியிருந்தது. என் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டு என்னை அனுப்ப முடியாது. அதனால் பேச்சியம்மா வேறு வழி கண்டுபிடித்தார்.

அந்த மழைக்குப் பிறகு, எஸ்டேட்டில் எப்போது சாப்பாடு போட்டாலும், பூஜையோ கூட்டமோ எதுவானாலும், அவர் மாத்திரையை எடுத்து இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் கேட்பார்: "மாத்திரை போடலாமா சார்?" நான் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்ல வேண்டும். இருந்த இடத்திலிருந்தே போடலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வருடக்கணக்கில் இது நடந்தது. மேனேஜர் என்றும் பார்க்காமல் நடந்தது. உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்தால் வேலையை விட்டுத் துரத்திவிடாதீர்கள், அதைவிடப் பெரிய பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் ஸ்டோர் வாசலில் பந்தல் போட்டு மதியம் பிரியாணி ஏற்பாடு செய்திருந்தார்கள். பேச்சியம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஆனாலும் ஜீப் ஏறி வந்திருந்தார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நல்ல பேச்சு, எனக்கே கண் கலங்கியது. காகிதத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமினேன்.

பேச்சியம்மா எழுந்தார். சுருக்குப்பையை அவிழ்த்தார். இரண்டு விரல் உயர்ந்தது.

"சார், மாத்திரை போடலாமா?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனேன். அண்டாவின் மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியை விட்டு அடிவரை கிளறிப் பார்த்தேன். அத்தனை பேருக்கும் காணுமா என்று சமையல்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். திரும்பி வந்து, "போடலாம் பேச்சியம்மா" என்றேன்.

அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அரைமணி நேரம் இருக்கு சார். இப்பப் பேசுங்க, கேக்குறோம்."